பூஜ்யம் சொன்ன பொய்

முதலாளியின் அறையில் ஏசி ஓடியது, மின்விசிறி ஓடியது, அவர் வாயும் ஓடியது. மூன்றில் எதை நிறுத்தினால் அறை குளிரும் என்று தரகருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் கட்சிக்காரரிடம் அதைச் சொல்ல முடியாது.

தரகர் என்பது பழைய தொழிலால் ஒட்டிக்கொண்ட பெயர். பாதி ஆயுள் துணி மார்க்கெட்டில் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவே நின்று, இரண்டு பக்கத்துப் பொய்யையும் முகம் சுளிக்காமல் கேட்டவர். பொய் கேட்பதைவிடப் பொய்யைப் பிடிப்பதற்குக் கூலி அதிகம் என்று ஒரு நாள் புரிந்தது. துப்பறியும் ஏஜென்சி என்று போர்டை மாட்டிவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அவருடைய உதவியாளர் ஊசி. பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, குத்து வாங்கியவர்கள் வைத்தது.

"சாயந்திரம் எடை ஆய்வாளர் வர்றார்," என்றார் முதலாளி. "நம்ம புதுத் தராசு கடைங்கள்ல தப்பா காட்டுதுன்னு புகார் மேல புகார். அவர் கையில நான் ஒரு பேரைக் கொடுத்தாகணும். பேரு ரெடி. எங்க புரோகிராமர் அம்மாதான். எவன்கிட்ட காசு வாங்கிட்டு இதைப் பண்ணாங்கன்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் கொடுங்க. ரெண்டு பேரையும் சேர்த்து போலீஸ்ல தள்ளிடலாம்."

"அவங்கதான் பண்ணாங்கன்னு யாரு சொன்னது?"

"மாப்பிள்ளை."

மாப்பிள்ளை ஜன்னலோரம் நின்று தன் சட்டைக் கைமடிப்பை ரசித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கொள்முதல் தலைவர்' என்று இருந்தது. எந்தத் தேர்வு எழுதி அந்தப் பதவிக்கு வந்தார் என்று கேட்டால், முதலாளியின் மகளைத்தான் கேட்க வேண்டும். அவர் ஒரு காகிதத்தை மேஜையில் விரித்தார். ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது.

"தராசுல எடையைப் படிக்கிற சிப்பு ஒன்னு இருக்கு சார். அதைச் செய்யுற கம்பெனி நிறுத்திட்டான். அதுக்கு மாத்தா, அதே காலு, அதே அளவு, அதே வேலை பார்க்குற வேற கம்பெனி சிப்பு வாங்கினேன். பழசைப் பிடுங்கிட்டு இதைச் சொருகினா முடிஞ்சுது. டிரைவர்ல சின்னதா ஒரு மாத்தம் பண்ணச் சொன்னோம். அம்மா பண்ணியிருக்குற வேலையைப் பாருங்க. 'புது சிப்பா இருந்தா முதல் நாலு அளவைத் தூக்கிப் போடு.' அளவையே தூக்கிப் போடுறாங்க சார்! தராசுக் கம்பெனியில உக்காந்துக்கிட்டு அளவைத் திருடுறாங்க!"

ஊசி மிகவும் அக்கறையாகக் கேட்டாள்: "திருடின அளவை வீட்டுக்குக் கொண்டு போனாங்களா சார்? பையைச் சோதிச்சீங்களா?"

முதலாளி அவளை முறைத்தார். மாப்பிள்ளை யோசித்தார். கேள்வியில் விஷயம் இருக்குமோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் வந்துவிட்டுப் போனது. அந்த ஒரு கணத்திலேயே தரகர் அவரை எடை போட்டு முடித்துவிட்டார்.

புரோகிராமரைச் சாமான் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். கணினியைப் பிடுங்கி மாப்பிள்ளையின் அலமாரியில் பூட்டியிருந்தார்கள். ஓட்டை உடைசல் தராசுத் தட்டுகளுக்கு நடுவே ஓர் அட்டைப் பெட்டியின் மேல், சிம்மாசனத்தில் இருப்பதுபோல் அமர்ந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"போலீஸா?"

"இல்லம்மா. துப்பறியுறவங்க."

"இந்தக் கட்டடத்துல துப்பறியறதுக்கு ஒருத்தருக்கு மூளை இருந்தா போதும். அதுகூட இல்லாம வெளியிலிருந்து வரவழைச்சிருக்காங்க. நியாயம்தான்."

ஊசிக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

"டிரைவர்னா என்னம்மா?" என்றார் தரகர். "எனக்குத் தெரிஞ்ச டிரைவர் ஹாரன் அடிப்பான்."

"சிப்பு பேசுறது ஒரு பாஷை. தராசுக்குத் தெரிஞ்சது வேற பாஷை. நடுவுல நின்னு இவங்கிட்ட கேட்டு அவங்கிட்ட சொல்றதுதான் டிரைவர்."

"அட, தரகு வேலை!"

"ஆமா. ஆனா பொய் சொல்லத் தெரியாத தரகு." அவள் விரலால் அட்டைப் பெட்டியைத் தட்டினாள். "ஆள் மாறினா தரகன் பழக்கத்தை மாத்திக்கணுமில்ல? அதைத்தான் செஞ்சேன். டிரைவர் முதல்ல சிப்புகிட்ட உன் பேரென்னன்னு கேக்கும். சிப்புக்குள்ள ஒரு எண் இருக்கு, அதைச் சொல்லும். பழைய சிப்பு தட்டி எழுப்பினதுமே ஒழுங்கா பேசும். புதுசு அப்படி இல்ல. தூக்கக் கலக்கத்துல முதல் நாலு வார்த்தை உளறும். அதனால, 'பேரு புதுசா இருந்தா முதல் நாலைக் காதுல வாங்காதே'ன்னு எழுதினேன். சிப்போட கையேட்டுலயே அப்படித்தான் எழுதியிருக்கு. மாப்பிள்ளை அதைப் படிக்கலை. படம் போடாத புத்தகம் அவருக்கு ஒத்துக்காது."

"இதை முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். 'அளவைத் தூக்கிப் போட்டியா இல்லையா'ன்னு கேட்டார். 'போட்டேன்'னேன். 'ஒத்துக்கிட்டா, ஒத்துக்கிட்டா'ன்னு குதிச்சார். அதுக்கு மேல பேசினா என் நாக்குக்கு மரியாதை இல்ல." அவள் குரல் இறங்கியது. "என் பொண்ணும் இதே படிப்புதான் படிக்கிறா. நாளைக்கு யாராவது நெட்ல அவ அம்மா பேரைத் தேடினா, தராசுல கை வச்சவள்னு வரும். எனக்கு மட்டுமில்ல, அவளுக்கும் ஒருத்தனும் வேலை தரமாட்டான். அது ஒன்னுதான் உறுத்துது. மத்தபடி இவங்க என்னைத் திருடின்னு நினைக்கிறதுல எனக்கு ஒன்னும் கவலையில்ல. இவங்க நினைப்புக்கு என்ன மதிப்பு?"

தரகர் எழுந்தார். "ஊசி, அரைக் கிலோ எடைக்கல் ஒன்னு கேட்டு வாங்கு. கடைக்குப் போறோம்."

முதலில் போனது காய்கறி மொத்தக் கடை. கூட்டம் நெரிந்தது. கடைக்காரர் ஒரு கையால் நிறுத்தார், ஒரு கையால் சில்லறை கொடுத்தார், வாயால் மூன்று பேரைத் திட்டினார்.

"புகாரா? எவன் சொன்னான்? தராசு தங்கம் சார். நான்தான் முன்னப்பின்ன இருப்பேன்."

எடைக்கல்லை வைத்தார்கள். ஐந்நூறு கிராம், பிசகில்லை. அரைமணி நேரம் நின்று நடுநடுவே வைத்துப் பார்த்தும் ஐந்நூறுதான்.

அடுத்தது முதலாளியின் மகள் நடத்தும் கம்பளி நூல் கடை. முதல் புகார் அங்கிருந்துதான் வந்திருந்தது. கடை அழகாக இருந்தது. எல்லா நிறத்திலும் நூல் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. மகள் கன்னத்தில் கை வைத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசின் திரை அணைந்திருந்தது.

"பேட்டரி மிச்சம் பிடிக்கத் தானா தூங்கிடும்," என்றாள். "பட்டனைத் தட்டுங்க, முழிச்சுக்கும்."

தட்டினார். விழித்தது. பூஜ்யம் என்றது. மறு நொடியே வெறும் தட்டுக்குப் பதினான்கு கிராம் என்றது.

"காத்தோட எடை போலிருக்கு," என்றாள் ஊசி. "இந்தக் கடையில அதுதானே நிறைய இருக்கு."

"நான் நூலை வச்சப்புறம்தான் பார்ப்பேன்," என்றாள் மகள் கோபமாக. "வெறும் தட்டை யாரு பார்ப்பாங்க?"

தரகர் எடைக்கல்லை வைத்தார். ஐந்நூற்றுப் பதினான்கு. எடுத்துவிட்டு, தராசைத் தூங்க விட்டார். மறுபடி எழுப்பினார். இப்போது வெறும் தட்டுக்கு ஒன்பது. அடுத்த முறை இருபத்திரண்டு.

"ஊசி, நீ கடை வச்சுத் தராசுல திருடினா எப்படித் திருடுவே?"

"தினமும் ஒரே மாதிரி பாஸ். இல்லாட்டி கணக்கு எனக்கே உதைக்குமே."

"அதான். இது திருட்டு இல்ல, உளறல். காய்கறிக் கடையில தராசுக்குத் தூங்க நேரமே இல்ல, அதனால யோக்கியமா இருக்கு. ஈ ஓட்டுற கடையில படுத்துப் படுத்து எழுந்திரிக்குது. எழுந்ததும் பூஜ்யம் எங்கன்னு சிப்பைக் கேக்குது. அது கண்ணைக் கசக்கிக்கிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லுது. ஆனா…" தரகர் மீசையைத் தடவினார். "அந்த உளறலைக் காதுல வாங்காதேன்னுதானே அந்தம்மா எழுதியிருக்காங்க?"

'ஈ ஓட்டுற கடை' என்றதும் மகளின் முகம் சுருங்கியிருந்தது. "எங்க வீட்டுக்காரர் முதல் பெட்டியில முதல் தராசையே எனக்குத்தான் கொண்டு வந்தார். 'பாதி விலைக்குச் சிப்பு பிடிச்சேன், உங்கப்பாவே அசந்துட்டார்'னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனார். புகார் வந்ததும் ஓடி வந்து அவரே பிரிச்சும் பார்த்தார்."

"பிரிச்சா? என்ன பார்த்தார்?"

"யாருக்குத் தெரியும்? என் நகப்பூச்சு அழிக்கிற பாட்டிலைக் கேட்டார். பஞ்சும் கேட்டார். கொஞ்ச நேரம் ஏதோ தேய்ச்சுக்கிட்டு இருந்தார். அப்புறம் தலைவலின்னு போய்ப் படுத்தவர்தான், மறுநாள் காலையிலதான் எழுந்தார்."

"எந்த விரலுக்குப் பூசியிருந்தார்?" என்றாள் ஊசி.

தரகர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். "அந்தப் பாட்டிலை எனக்கும் கொஞ்சம் கொடும்மா."

கம்பெனிக்குத் திரும்பியதும் தரகர் முதலாளியிடம் அலமாரிச் சாவியைக் கேட்டார். புரோகிராமர் வாயிலிருந்தே உண்மையை வரவழைக்கப் போவதாகச் சொன்னார். அது பொய்யும் இல்லை. சாவி வந்தது, கணினி வந்தது, பெட்டி பிரிக்காத புதுத் தராசு ஒன்றும் வந்தது.

தராசைத் தூங்க விட்டு எழுப்பினார்கள். வெறும் தட்டுக்குப் பதினொன்று.

"இப்ப அந்த மஞ்சள் பூசின வரியை எடுத்துட்டுக் காட்டுங்க."

புரோகிராமர் எடுத்தாள். மறுபடி தூங்க விட்டு எழுப்பினார்கள். பதினாறு. அடுத்து எட்டு.

"வரி இருந்தாலும் உளறுது, இல்லாட்டாலும் உளறுது," என்றார் தரகர். "அப்போ அந்த வரி நல்லதும் பண்ணலை, கெட்டதும் பண்ணலை. வாசல்ல காவல்காரன் நிக்கிறான், திருடனும் உள்ள வந்துட்டான். அப்படின்னா வந்தவன் என்ன சொல்லிட்டு வந்திருப்பான்?"

புரோகிராமரின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. "வீட்டு ஆளோட பேரை," என்றாள் மெதுவாக. மளமளவென்று எதையோ தட்டினாள். திரையில் ஓர் எண் வந்தது. அவள் அதை ஏதோ நாற்றத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சிப்பைப் பேரு கேட்டேன். பழைய சிப்போட பேரைச் சொல்லுது."

"சிப்பு மேல அச்சடிச்சிருக்கிறது?" என்றார் தரகர்.

அவள் தராசின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தாள். "புது சிப்போட பேரு."

ஊசி பாட்டிலைத் திறந்தாள். பஞ்சை நனைத்து, நகத்தளவு இருந்த கறுப்புச் சிப்பின் முதுகில் நாலு தேய்ப்பு தேய்த்தாள். அச்செழுத்தெல்லாம் வெள்ளைச் சேறாகப் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் வழுவழுவென்று ஒன்றுமே இல்லை.

"பாஸ், மேக்கப்பைக் கலைச்சாச்சு. கல்யாணம் நின்னுபோச்சு."

"அசல்ல எழுத்து இப்படி அழியாது. இது பழைய சிப்போட மட்டமான நகல்," என்றாள் புரோகிராமர். "பழசுதான் கிடைக்கலையே, அதனால விலைபோகப் புதுசோட பேரை முதுகுல அடிச்சிருக்கான். உள்ளே பேரைக் காப்பியடிக்கத் தெரிஞ்சவனுக்கு, ஒழுங்கா முழிக்கிறதைக் காப்பியடிக்கத் தெரியலை. பழைய தராசுகளும் வெளியில ஓடுது, அதுக்கும் இதே டிரைவர்தான். அதனால பழைய பேரையும் விட்டு வச்சிருந்தேன். இது பழைய பேரைச் சொன்னதும், என் டிரைவர் அதைப் பெரிய மனுஷன்னு நம்பி முதல் வார்த்தையிலேயே பூஜ்யம் வச்சிடுச்சு. எனக்குச் சோதிக்கக் கொடுத்த சாம்பிள் அசல். இவங்க வாங்கிக் குவிச்சது இது."

சோதனைச் சாலையில் ஏன் பிடிபடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அங்கே கல்லை ஒன்று மாற்றி ஒன்று வைத்துக்கொண்டே இருப்பார்கள். காய்கறிக் கடை மாதிரிதான்.

தரகர் பஞ்சை முதலாளியின் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். முதலாளி பஞ்சைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கைமடிப்பு கசங்கியிருந்தது. அவர் திடீரென்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமா மாமா. நான்தான். தெரிஞ்சேதான் போலிச் சரக்கு வாங்கினேன். கமிஷன் அடிச்சேன்."

முதலாளி கொதிப்பார் என்று ஊசி எதிர்பார்த்தாள். அவர் முகமோ மெல்லத் தெளிந்தது. ஏறக்குறைய பெருமையே வந்துவிட்டது. "என் கண்ணுல படாம கமிஷனா? எவ்வளவு மாப்பிள்ளை?" என்றார், பாடம் ஒப்பிக்கும் பிள்ளையிடம் கேட்பதுபோல்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். தொகை வரவில்லை.

தரகருக்குச் சிரிப்பு வந்தது. மார்க்கெட்டில் எத்தனையோ கேவலங்களைப் பார்த்தவர். திருடன் யோக்கியன் வேஷம் போடுவதைப் பார்த்திருக்கிறார். ஒரு மடையன் திருடன் வேஷம் போடுவதை இன்றுதான் பார்க்கிறார்.

"முதலாளி, இவரை நம்பாதீங்க. இவர் திருடன் இல்ல. அதுக்கெல்லாம் இவருக்குப் போதாது."

"என்ன சொல்றீங்க?"

"போலிச் சரக்குன்னு தெரிஞ்சு வாங்கினவன் அதை எதுக்குப் பஞ்சால தேய்ச்சுப் பார்க்கணும்? தேய்ச்சுப் பார்க்கிறவன் சந்தேகப்பட்டவன். சந்தேகப்படுறவன் அதுவரைக்கும் நம்பினவன். அதுவும் இருக்கட்டும், எந்தத் திருடனாவது போலித் தராசைப் பொண்டாட்டி கடையில கொண்டு போய் வைப்பானா? பாதி விலைக்குப் பிடிச்சேன்னு பூரிச்சுப்போய், முதல் பெட்டியைப் பிரிச்சு மகாராணிக்குக் காணிக்கை வச்சிருக்கார். இவர் தலையில கட்டிட்டாங்க. அது தெரிஞ்சதும் ஒரு நாள் தலைவலி. மறுநாள் அந்தம்மா மேல பழி."

முதலாளியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. அவருடைய குடும்பத்தில் அடித்துப் பிடுங்கியவர்கள் உண்டு, கணக்கை மடக்கியவர்கள் உண்டு. ஏமாந்தவர் என்று ஒருவரும் கிடையாது. மேஜையைத் தாண்டி மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து, கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "மாப்பிள்ளை, கமிஷன் வாங்கினேன்னே சொல்லிடுங்களேன். வெளியில தலை காட்ட முடியாது."

பிறகு தரகரிடம் திரும்பினார். "ஒன்னு செய்வோம். பழைய பேச்சே இருக்கட்டும். அந்தம்மா பேரையே சொல்லிடுறேன். உங்க கூலியை ரெண்டு மடங்கா வாங்கிக்கங்க."

"பேரம் நல்லாத்தான் இருக்கு," என்றார் தரகர். "ஆனா ஊர் முழுக்க உளறிக்கிட்டிருக்கிற தராசையெல்லாம் யாரு சரி பண்றது? நானா? இல்ல, இந்தப் பாட்டிலை வச்சு உங்க மாப்பிள்ளையா?"

அப்போது கதவு திறந்தது. எடை ஆய்வாளர், தோல் பையில் பித்தளைக் கற்கள் கணகணக்க உள்ளே வந்தார். அவசரமே இல்லாத மனிதர். உட்கார்ந்தார், பேனாவைத் திறந்தார். அவருக்குப் பின்னாலேயே புரோகிராமர், கணினியை இடுப்பில் அணைத்தபடி வந்து நின்றாள்.

"யாரு பொறுப்பு?" என்றார் ஆய்வாளர்.

ஏசியும் மின்விசிறியும் மட்டும் ஓடின.

"யாரு பொறுப்புன்னு அப்புறம் சொல்வாங்க சார்," என்றாள் புரோகிராமர். "சரி பண்றது நான். ஒரே ஒரு வரி மாத்தணும். சிப்பு எந்தப் பேரைச் சொன்னாலும் முதல் நாலு வார்த்தையை நம்பாதேன்னு. பழைய அசல் சிப்புக்கு அதனால நஷ்டமில்ல, கண் இமைக்கிற நேரம் தாமதம், அவ்வளவுதான். கடை கடையாப் போய் ஏத்தணும். அதுவரைக்கும் நிறுக்கிறதுக்கு முன்னாடி பூஜ்யப் பட்டனை அமுக்கச் சொல்லலாம். ஆனா நான் எழுதணும்னா, முதல்ல இந்த ரூம்ல ஒருத்தர் ஒரு விஷயம் சொல்லணும். உங்க முன்னாடி. நீங்க எழுதிக்கிற மாதிரி."

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தரையில் உதவி எதுவும் இல்லை.

"எங்களை… ஏமாத்திட்டாங்க," என்றார்.

"அது அவங்க பண்ணது," என்றாள் அவள். "நீங்க பண்ணதைச் சொல்லுங்க."

"நான்… ஏமாந்துட்டேன்." அந்தச் சொல் பல் பிடுங்குவதுபோல் வெளியே வந்தது. "தெரிஞ்சதுக்கப்புறமும் மறைச்சு, இவங்க மேல பழியைப் போட்டேன். இவங்க எழுதினது சரிதான்."

ஆய்வாளர் காதருகே கையைக் குவித்தார். "ஃபேன் சத்தத்துல கேக்கலை. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. வார்த்தை வார்த்தையா எழுதணும்."

ஊசி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். போகிற போக்கில் கதவையும் விரியத் திறந்து வைத்தாள்.

மாப்பிள்ளை இரண்டாவது தடவை சொன்னபோது வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது.

புரோகிராமர் முதலாளியின் மேஜையிலிருந்த கோப்புகளை ஒரு கையால் ஓரந்தள்ளிவிட்டுக் கணினியை வைத்தாள். அந்தப் பக்கம் இருந்த ஒரே நாற்காலி முதலாளியுடையது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் எழுந்துகொண்டார்.

அவள் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, திரையிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "பெட்டி பிரிக்காத தராசையெல்லாம் ஒவ்வொன்னா கொண்டு வாங்க. இல்ல முதலாளி, நீங்க நில்லுங்க. மாப்பிள்ளை சார் தூக்கட்டும்."